அரை மாத்திரை இரண்டு மாத்திரை ஆனது எப்படி

நான் வேலை பார்த்த நிறுவனம் ஆண்டு மலர் போடுகிறதாம். ஓய்வு பெற்றவர்களிடம் ஆளுக்கொரு கட்டுரை கேட்கிறார்கள். என்னைக் கூப்பிட்டவள் அஸ்வதி. நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள், கெட்டிக்காரி. "இனிப்பான நினைவா ரெண்டு மூணு எழுதித் தாங்க சேச்சி" என்றாள். எழுதுகிறேன், கோப்பை எந்த வடிவில் அனுப்பட்டும் என்று கேட்டேன்.

"அதுக்கென்ன சேச்சி, எந்த ஃபார்மட்டானாலும் குழப்பமில்ல. வேர்டு, பி.டி.எஃப்., எதுன்னாலும் தாங்க. பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். இப்ப எல்லாத்தையும் சிஸ்டமே மாத்திக்கும்."

போனை வைத்த பிறகும் எனக்கு ஆறவில்லை. புத்தகங்களைப் பக்கம் பக்கமாக வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட இடத்திலிருந்து இந்தப் பேச்சு வருகிறது. எந்த ஃபார்மட்டானாலும் பரவாயில்லையாம்! இதே பேச்சை நான் பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு பெண்ணின் வேலை போயிற்று. ஒரு குழந்தை கண் திறக்காமல் கிடந்தது. இனிப்பான நினைவுகளை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு எழுத வேண்டியது இதுதான்.

என் அப்பாவுக்குச் சாலை என்கிற கடைத்தெருவில் பலசரக்கு மொத்தக் கடை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்தவர். நான் கல்லூரி முடித்ததும் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் தெரிந்த பெண் வேண்டும் என்று கேட்டு வந்த வேலை இது. அப்போது அலுவலகமும் சாலைக்குப் பின்புறம்தான், ஒரு இரும்புக் கடையின் மாடியில். கழக்கூட்டத்துக்குக் கண்ணாடிக் கட்டிடம் தேடிப் போனதெல்லாம் பிறகு. தட்டச்சு, பக்க அமைப்பு, பிழை திருத்தம் என்று ஒவ்வொன்றாகக் கற்றேன். கடைசியில் கோப்பை முடித்து அச்சகத்துக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது.

என் மேலதிகாரி அனந்தராமன் சார். கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் வீடு. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் சந்தனம் ஈரம் காயாமல் நடந்தே வருவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரையும் திட்டியதில்லை. பிறந்த நாளுக்கு எல்லார் மேசைக்கும் பாயசம் அனுப்புவார். யாராவது ஒரு சிக்கலைக் கொண்டுபோனால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைத்து முடிந்ததும் "நோக்கலாம்" என்பார், பார்க்கலாம் என்பதற்கு மலையாளம். அந்த ஒரு சொல்லோடு சிக்கல் முடிந்துவிட்டதாக அர்த்தம். நாம் எழுந்து வந்துவிட வேண்டும். மறுபடியும் அதே விஷயத்தைக் கொண்டுபோனால், மரியாதை தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல் வருத்தத்தோடு சிரிப்பார். கத்துகிற மேலதிகாரியோடு மல்லுக்கட்டலாம். இப்படிச் சிரிக்கிறவரோடு என்ன செய்ய?

நான் ஒரு கோப்பை அனுப்பும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இளையவர்கள் இதைக் கேலி செய்வார்கள் என்று தெரியும்.

பக்கம் அமைத்த மென்பொருளின் கோப்புக்கு நாங்கள் 'ஓப்பன் ஃபைல்' என்று பெயர் வைத்திருந்தோம். திறந்த வீடு மாதிரி அது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் நாற்காலியை நகர்த்தலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, அதற்குள் எழுத்துகளின் உருவம் இருக்காது, பெயர் மட்டும்தான் இருக்கும். இந்த இடத்தில் இன்ன எழுத்துரு என்று குறிப்பு இருக்கும், அவ்வளவே. போகிற இடத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அது தன்னிடம் இருக்கிற வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும். பி.டி.எஃப். அப்படியல்ல. ஒழுங்காகச் செய்தால் எழுத்துருவையும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு போகும். இங்கே பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே அங்கேயும் இருக்கும்.

ஒழுங்காகச் செய்தால் என்று சொன்னேன். அதில்தான் வேலை இருக்கிறது. பி.டி.எஃப். ஆக்கிய பிறகு அதன் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்று சேராமல் நின்றாலும் திரும்பவும் முதலிலிருந்து. படங்கள் மங்கலாகிவிட்டனவா, கறுப்பு எழுத்து ஒரே கறுப்பு மையில்தான் இருக்கிறதா, ஓரம் வெட்டும் இடத்தில் படம் போதிய அளவு வெளியே நீள்கிறதா என்று பார்ப்பேன். அதன் பிறகு அந்த பி.டி.எஃப்.பிலிருந்தே ஒரு பிரதி எடுப்பேன். ஓப்பன் ஃபைலிலிருந்து எடுத்தால் நம் கணினி நம்மையே ஏமாற்றிவிடும். அந்தப் பிரதியையும் ஆசிரியர் கையெழுத்திட்ட மெய்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்களை மட்டும் தனியாக வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். எழுத்தில் பிழை வந்தால் படிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். எண் மாறினால் அது பிழை என்றே யாருக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போது டாக்டர் லிஸி வந்தார். மலைத்தோட்டங்களில் சிறு மருத்துவ நிலையங்கள் நடத்தும் ஒரு அறக்கட்டளையின் மருத்துவர். தோட்டத்துப் பெண்களிலேயே படித்தவர்களைத் தேர்ந்து, சில மாதங்கள் பயிற்சி கொடுத்து, அங்கே உதவியாளர்களாக வைத்திருந்தார். அவர்களுக்குத் தமிழில் ஒரு கைப்புத்தகம் வேண்டும், குழந்தைகளுக்கு எந்த வயதில் எந்த மருந்து எவ்வளவு என்று. மலையாளம் கலந்த தமிழில் விறுவிறுவென்று பேசுவார்.

"காந்திமதி, இந்தப் புக்கு அவங்களுக்குப் பைபிள் மாதிரியாக்கும். நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன், சந்தேகம் வந்தா ஊகிக்காதே, புக்கைப் பாரு, அதுல உள்ளதை மட்டும் கொடுன்னு. கேட்டீங்களா? அதனால தப்பு வரக்கூடாது."

வராது டாக்டர் என்றேன்.

அந்தப் புத்தகத்தில் அரை, கால் என்று பின்னங்கள் நிறைய. அப்போது நாங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருவில் பின்னங்களுக்கு இடமே கிடையாது. அந்த இடங்களிலெல்லாம் தமிழ் எழுத்துகளை அடைத்திருந்தார்கள். ஆகவே பின்னங்களுக்கென்று தனியாக ஒரு எழுத்துரு வைத்திருந்தோம். அதில் 2 என்ற விசையை அழுத்தினால் ½ வரும். 4 அழுத்தினால் ¼. அந்த எழுத்துரு எங்கள் அலுவலகத்துக் கணினிகளில் மட்டும் இருந்தது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று இப்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அன்றைக்கே தெரியும். பி.டி.எஃப். செய்து, பின்ன எழுத்துரு உள்ளே சேர்ந்திருப்பதைப் பார்த்து, பிரதி எடுத்து, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கினேன். என் பக்கம் வேலை முடிந்தது.

அச்சகம் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அங்கிருந்து அனந்தராமன் சாருக்குப் போன் வந்தது. புத்தகத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தால் தாள் வீணாகாது, பி.டி.எஃப்.பை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை, ஓப்பன் ஃபைல் கொடுங்கள் என்று. சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஓப்பன் ஃபைலைக் குடுத்துடு காந்திமதி. அவா அங்கேயே சரி பண்ணிப்பா. நாளைக்கு ஒரு எழுத்து மாத்தணும்னாலும் அங்கேயே மாத்திக்கலாம், நம்மகிட்ட ஓடி வர வேண்டாம் பாரு."

அந்தக் காலத்தில் பல இடங்களில் அதுதான் வழக்கம் என்பதை மறைக்க மாட்டேன். சில அச்சகங்களில் பி.டி.எஃப். போட்டால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். அவர் ஊரில் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் இது மருந்துப் புத்தகம்.

"சார், பின்னத்தோட ஃபான்ட் அவங்ககிட்ட கிடையாது. அளவைக் குறைக்கணும்னா நானே குறைச்சு வேற பி.டி.எஃப். போட்டுத் தாரேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தந்துருவேன்."

"ஃபான்ட்டையும் சேர்த்து அனுப்பிட்டாப் போச்சு."

"அனுப்பினாலும் அவங்க அதைக் கணினியில ஏத்தணும் சார். ஏத்தினாங்களான்னு நாம எப்படிப் பாக்க?"

கண்ணாடி கழன்றது. வேட்டி நுனி வந்தது.

"நீ வெறுதே பேடிக்கறே, பயப்பட ஒண்ணுமில்லே. அவன் எத்தனை புஸ்தகம் அடிச்சவனாக்கும்! எந்த ஃபார்மட்டானாலும் என்ன, கடைசியில காகிதத்துல வரப்போறது எழுத்துதானே? நோக்கலாம்."

நான் கோப்பைக் கொடுக்கவில்லை. என் மேசைக்குத் திரும்பி அளவைக் குறைக்கும் வேலையைத் தொடங்கினேன். மறுநாள் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனால், "அதெல்லாம் காலையிலேயே போயாச்சு" என்றார். என் கணினியிலிருந்து, நான் வருவதற்கு முன்னால், ஓப்பன் ஃபைலை அவரே குறுந்தகட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார். பின்ன எழுத்துருவைச் சேர்த்தீர்களா என்று கேட்டேன். "எல்லாம் போயிருக்கும்" என்றார். போயிருக்குமாம்!

அச்சான புத்தகத்தின் பிரதிகள் எங்கள் கைக்கு வந்த அன்று நான் முதலில் பார்த்தது எண்களைத்தான். ஒவ்வாமைக்கான மாத்திரை, இரண்டு வயதுக் குழந்தைக்கு, 2 மாத்திரை. மெய்ப்பில் அது ½. இன்னொரு பக்கத்தில், வேறொரு மருந்துக்கு, 4 மாத்திரை. அது ¼. பக்கம் பக்கமாகப் புரட்டினேன், பின்னம் இருந்த இடத்திலெல்லாம் முழு எண். தமிழ் எழுத்துகள் அத்தனையும் அழகாக இருந்தன, ஒரு புள்ளி குறையவில்லை. எங்களிடம் இருந்த தமிழ் எழுத்துரு அவர்களிடமும் இருந்திருக்கிறது. பின்ன எழுத்துரு மட்டும் இல்லை. கணினி வேறொன்றைப் போட்டுக்கொண்டது. எழுத்தெல்லாம் குழம்பிப்போய் வந்திருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். இது அப்படி இல்லை. சுத்தமாக, நேராக, நம்பும்படி இருந்தது.

புத்தகத்தோடு சார் அறைக்கு ஓடினேன். அவர் பார்த்தார். முகம் வெளுத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த நிமிஷமே பழைய குரல் வந்துவிட்டது.

"முதலாளி நாளைக்கழிச்சு வரார். அவர்ட்ட கலந்துண்டு ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு ஒட்டிடலாம். அதுக்குள்ள நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே, கேட்டியா?"

"சார், புத்தகம் ஆளுங்க கைக்குப் போயிட்டா?"

"நோக்கலாம்."

நான் அவர் மேசையில் இருந்த தொலைபேசியையே எடுத்தேன். அவர் எதிரிலேயே டாக்டர் லிஸியைக் கூப்பிட்டேன். என் வேலைக் காலத்தில் அப்படி ஒரு காரியத்தை அதற்கு முன்னால் செய்ததில்லை. வாடிக்கையாளரிடம் பேசுவது அவர் உரிமை, என் உரிமை அல்ல.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ, புக்கெல்லாம் போன வாரமே ப்ரஸ்ல இருந்து நேரா மேலே போயாச்சே" என்றார். "காந்திமதி, நேத்து ஒரு குழந்தையைக் கொண்டு வந்தாங்க. ரெண்டு வயசு. எழுப்பினா எழுந்திருக்கல. ரெண்டு மாத்திரை கொடுத்திருக்காள் அந்தப் பெண். நான் அவளை என்னெல்லாமோ திட்டிட்டேன்."

குழந்தை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். இன்று காலையில் கண் திறந்து பால் குடித்தது, ஆபத்து இல்லை.

போனை வைத்துவிட்டு அனந்தராமன் சாரிடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

"பகவானே. ஒண்ணும் ஆகலையே. அது போரும்."

ஒண்ணும் ஆகலையே! இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு அந்தச் சொல் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு தாய் தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் ஜீப்புக்குக் காத்து நின்றிருக்கிறாள். ஒரு ராத்திரி முழுக்க அது எழுந்திருக்குமா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் ஆள் அனுப்பி எல்லாப் புத்தகங்களையும் திரும்ப எடுத்தார். மறுபடியும் அச்சடிக்க ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கோப்பைக் காந்திமதி கொண்டுபோக வேண்டும், அச்சுத் தகடு எடுக்கும்வரை காந்திமதி பக்கத்தில் நிற்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். இனி பின்னமே வேண்டாம், அரை, கால் என்று எழுத்திலேயே போடுங்கள் என்று.

அச்சகத்தில் கோப்பை வாங்கியவர் முத்தையா. என் வயதுதான் இருக்கும். நான் யார் என்று தெரிந்ததும் அவரே பேச்சை எடுத்தார்.

"மேடம், நான் வேணும்னு செய்யல. பழைய ஃபைலைத் தொறக்கயில ஸ்கிரீன்ல பொட்டி ஒண்ணு வந்துச்சு. ஃபான்ட் இல்ல, வேற போடட்டுமான்னு. தெனமும் அந்தப் பொட்டி வரத்தான் செய்யும். ஓகே அமுக்காம இங்க வேல ஓடாது. ஆனா இது மருந்துப் புக்காச்சேன்னு எனக்கு ஒரு இது இருந்துச்சு. ஒங்க ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார்கிட்ட பேசினீங்க?"

"பெரியவர் ஒருத்தர். அனந்தராமன்னு பேரு சொன்னாரு. ஒரு ஃபான்ட்டக் காணும் சார், அனுப்புதீங்களான்னு கேட்டேன். இருக்கறதுல ஏதாவது ஒண்ணப் போடுங்கோன்னாரு. அவரு சொன்ன பெறவுதான் ஓகே அமுக்குனேன்."

ஆக, கணினியின் கோளாறு என்று ஒன்று இல்லவே இல்லை. கணினி கேட்டிருக்கிறது. முத்தையா கேட்டிருக்கிறார். கேட்ட கேள்விக்கு ஒரு மனிதர், சந்தனம் மணக்க உட்கார்ந்துகொண்டு, ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்று பதில் சொல்லியிருக்கிறார். எந்த எழுத்துரு என்றுகூடத் திருப்பிக் கேட்கவில்லை. நான் அவரிடம் பேடித்தது எதற்கென்று விளக்கமாகச் சொன்ன பிறகு இது நடந்திருக்கிறது. தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம். இவருக்குத் தெரியும். என்னைவிட அதிக வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவர். மெனக்கெட மனமில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"ஆமா, கேட்டான். எல்லா ஃபைலுக்கும்தான் கேக்கறான். ஒவ்வொண்ணுக்கும் நான் எழுந்து ஓட முடியுமா சொல்லு? சரி, அதை விடு. அறக்கட்டளைக்கு ஒரு ரிப்போர்ட் போகணும். சாஃப்ட்வேர் கோளாறுன்னு எழுதியாச்சு. கோப்பு உன் பொறுப்பு ஆனதால நீயும் ஒரு ஒப்பு வைக்கணும்."

தாளை வாங்கிப் படித்தேன். சாஃப்ட்வேர் கோளாறு என்பதோடு அவர் நிற்கவில்லை. "பயிற்சி பெற்ற எவரும் பார்த்தவுடன் கண்டுகொள்ளக்கூடிய அச்சுப்பிழையே இது" என்று ஒரு வரி. நிறுவனத்தைக் காப்பாற்ற எழுதிய வரி. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். வருத்தத்தோடு சிரித்தார். நான் ஒப்பு வைக்காமலேயே அது போயிற்று.

அந்த ஒரு வரி என்ன செய்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புதிய புத்தகங்கள் மேலே போகும்போது, வந்து பாருங்கள் என்று டாக்டர் என்னையும் ஜீப்பில் அழைத்துப் போனார். அந்தக் குழந்தையைப் பார்த்தேன். மருத்துவ நிலையத்து வாசலில் ஒரு கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு மாத்திரை கொடுத்த பெண் எங்கே என்று கேட்டேன். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தங்கமணியா? அவளை நிறுத்தியாச்சு. ட்ரஸ்ட் கமிட்டி தீர்மானம். உங்க ஆபீஸ் லெட்டர்லயே இருந்ததே, படிச்சவ யாரானாலும் கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு. நான் என்ன சொல்லி அவளைக் காப்பாத்த?"

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் தங்கமணியின் வீட்டைத் தேடிப் போனேன். இருபதைத் தாண்டிய பெண். தேயிலை பறிக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மருத்துவ நிலையத்தில் வெள்ளைப் புடவை கட்டியவள் மறுபடியும் தலையில் கூடைக் கயிற்றோடு நின்றாள். அந்தப் புத்தகத்தைச் செய்தவள் நான்தான் என்று சொன்னேன். அடிப்பாள், வைவாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் புக்குல இருந்ததத்தானே அக்கா குடுத்தேன்?"

"ஆமா. புத்தகத்துல இருந்ததத்தான் கொடுத்தே."

"ரெண்டுன்னு பாத்ததும் எனக்கே திக்குன்னுச்சு. ஆனா ஊகிக்காத, புக்கப் பாருன்னு டாக்டரம்மாதான சொல்லிக் குடுத்தாங்க. நான் கொறச்சுக் குடுத்து அந்தப் புள்ளைக்கு எதும் ஆயிருந்தா, புக்குல உள்ளபடி ஏன் குடுக்கலன்னு கேட்டிருக்க மாட்டாங்களா?"

எல்லாரும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட இந்தக் கதையில், சொன்னதைச் சொன்னபடி செய்தவள் அவள் ஒருத்தி. வேலை போனதும் அவளுக்கு மட்டும்தான். அச்சகத்தில் யாருக்கும் போகவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் போகவில்லை. அந்த வருஷம் அனந்தராமன் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஊர் திரும்பியதும் நடந்தது அத்தனையும் எழுதி, என் பெயரைப் போட்டு, டாக்டர் லிஸிக்கு அனுப்பினேன். நான் என்ன கோப்பு கொடுத்தேன், எது அச்சுக்குப் போனது, யார் அனுப்பியது, அச்சகத்திலிருந்து யார் யாரிடம் என்ன கேட்டது, என்ன பதில் வந்தது. முத்தையாவையும் கேட்டேன். தன் முதலாளிக்குப் பயந்துகொண்டேதான், ஆனாலும் கமிட்டி கூப்பிட்டபோது போனில் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த மனிதருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

எனக்கு என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலரில் இதை யாரும் சொல்லப்போவதில்லை. கோப்பு அனுப்பும் பொறுப்பை எடுத்துவிட்டு, பழைய புத்தகங்களுக்குச் சொல்லடைவு தயாரிக்கும் பிரிவில் என்னைப் போட்டார்கள். "உனக்கு ரெஸ்ட் வேணும்" என்றார் சார், அதே மென்மையான குரலில். அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை அங்கேதான் இருந்தேன். அதன் பிறகு வந்தவர் என்னைப் பழைய மேசைக்கு அழைத்தார். அங்கே நான் மறுபடியும் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை, ஒரு ஓப்பன் ஃபைல்கூட அந்த மேசையைத் தாண்டி அச்சுக்குப் போகவில்லை. பிடிவாதக்காரி என்று மலையாளத்திலும் தமிழிலும் பெயர் வாங்கினேன்.

அஸ்வதி, உன்னையும் உன் கூட இருப்பவர்களையும் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். இன்று எழுத்துருக்கள் மாறிவிட்டன, பின்னம் தானாகவே ஒழுங்காக வருகிறது. வலைத்தளத்தில் ஏற்றினால் போதும், அதுவே அச்சுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் என்கிறார்கள். மாற்றிக்கொள்ளட்டும். மாற்றியதை யார் பார்த்தார்கள்? பி.டி.எஃப். ஆனாலும் நாளைக்கு வேறொன்று வந்தாலும் என் கேள்வி அதுதான். நான் பார்த்து ஒப்புக்கொண்ட பக்கம், நான் இல்லாத இடத்தில் மாறக் கூடுமா? மாறக் கூடும் என்றால் அந்தக் கோப்பை அனுப்பாதே. மேலதிகாரி சிரித்தாலும் அனுப்பாதே. சிஸ்டமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள், அது திரும்பக் கேள்வி கேட்கும்போது எந்த அறையில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

தங்கமணியின் கதையை முடித்துவிடுகிறேன். கமிட்டி மறுபடியும் கூடியது. டாக்டர் லிஸி இந்த முறை பேசினார். முதலில் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்துப் பேசினார் என்று நினைக்கிறேன். தங்கமணியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று. உத்தரவு அவள் கைக்கு வந்த அன்று, தோட்டத்து அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். சந்தோஷமாகப் பேசுவாள் என்று காதைக் கொடுத்தேன். குரல் கரகரவென்று இருந்தது.

"அக்கா, இதுல ஒரு வார்த்த போட்டிருக்காங்க. 'மன்னித்து மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்'னு. மன்னிச்சின்னா என்னக்கா? நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல."

"அப்ப நான் இதுல கையெழுத்துப் போடலாமா?"

எனக்கு ஒரு கணம் பயம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தது ஒரு சொல்லுக்காகக் கைநழுவிப் போய்விட்டால்? ரெண்டு குழந்தைகளும் வயதான மாமியாரும் அவள் கையை நம்பி இருந்தார்கள். போட்டுவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன்.

"போட மாட்டேன்க்கா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததை டாக்டரே எனக்குச் சொன்னார். தங்கமணி தாளை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்கு வந்திருக்கிறாள். நோயாளிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தாளை மேசைமேல் வைத்து, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாளாம். கமிட்டியில்தான் மாற்ற வேண்டும், நாளாகும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்திருக்கிறார். விரல் நகரவில்லை. கடைசியில் டாக்டர் தன் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார். அதன் பிறகுதான் தங்கமணி கையை நீட்டி அந்தப் பேனாவை வாங்கினாள்.